மணிக்கட்டு உயரம்

ஊன்றுகோல் விற்கிற கடைக்காரர்கள் எல்லாரையும் ஒருநாள் வரிசையாக நிற்க வைத்து, ஆளுக்கொரு கோலைக் கையில் கொடுத்து, செகந்திராபாத் ஸ்டேஷன் மேம்பாலப் படியில் ஏறி இறங்கச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அப்போது தெரியும் அவர்களுக்கு. நாலே முக்கால் அடி ஆளுக்கும் ஆறடி ஆளுக்கும் அதே முப்பத்தாறு அங்குலம். கைப்பிடியில் ஒரு சிங்கத்தலை. அந்தச் சிங்கத்தின் காது உள்ளங்கையில் குத்தும். கேட்டால், "அது ஷோவுக்கு மேடம், நல்லா போகுது" என்பார்கள். நடக்க வாங்குகிற சாமானில் என்ன ஷோ வேண்டிக் கிடக்கிறது?

என் பெயர் ஸ்டெல்லா. வயது நாற்பத்தாறு. இரண்டு வயதில் வந்த போலியோவில் இடது கால் சூம்பிப்போய், வலது காலைவிட இரண்டு அங்குலம் குட்டை. அதைச் சரிக்கட்ட அந்தக் காலுக்கு அடி உயர்த்திய ஷூ. வலது கையில் கோல். பதினைந்து வயதில், கடையில் வாங்கிய ஒரு கோலை எரிச்சலில் உடைத்து அடுப்பில் போட்டேன். அன்றிலிருந்து என் கோலை நானேதான் செதுக்கிக்கொள்கிறேன். அப்பா ரயில்வேயில் இருந்ததால் எங்கள் மெட்டுகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில் மரத்துக்குப் பஞ்சமில்லை.

ஜீடிமெட்லாவில் ஒரு ஃபர்னிச்சர் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். நாற்காலிக் கால்களுக்கு உப்புத்தாள் தேய்க்கிற வேலை. மரம் கடைகிற லேத் பக்கம் போனால் சூப்பர்வைசர் ஓடிவந்து, "நீ உக்காரும்மா" என்பார். பத்தொன்பது வருஷமும் உட்கார்ந்தேன். போன வருஷம் ஒருநாள் அதே வார்த்தையை அவர் சொன்னபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன். என் பின்னாலேயே லேத் ஓட்டுகிற அப்துல் காதர் பாயும் வந்தார். "இன்னாத்துக்கு பாய் நீங்க வரீங்க?" என்று கேட்டேன். "நீங்க ஏதோ செய்யப் போறீங்கன்னு மூஞ்சிலயே தெரியுது. லேத் ஓட்ட ஆள் வேணும்ல?" என்றார். அப்படித்தான் கோல் செய்கிற பட்டறை ஆரம்பமானது.

உப்பலில் ஒரு சந்துக்குள் தகர ஷெட் கிடைத்தது. சொந்தக்காரர் சுனில், நான் கேட்கிற கேள்விக்கெல்லாம் காதர் பாயைப் பார்த்தே பதில் சொன்னார். கடைசியில், "மெஷினெல்லாம் மேடம் ஓட்ட முடியுமா? கால் இப்படி இருக்கே?" என்று பாயிடமே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க ஷெட்டை வாடகைக்கு விடுறீங்களா, பையனுக்குப் பொண்ணு பாக்குறீங்களா?" என்றேன். சாவி அன்றே கைக்கு வந்தது.

ஒரு மாதம் ஆனது பட்டறையை அமைக்க. பழைய லேத் ஒன்று. மேசையில் கட்டையை இறுக்கிப் பிடிக்க இரண்டு வைஸ்: நின்று வேலை செய்ய ஒன்று, உட்கார்ந்து செய்ய ஒன்று. உட்காரச் சொல்லிச் சொல்லியே என்னை எரித்தார்கள் என்றாலும், எப்போது உட்காருவது என்பதை நான் தீர்மானித்தால் அதில் எனக்குக் கோபம் இல்லை. மர டிப்போவில் ஈட்டி மரமும் தேக்குமாக, நன்றாகக் காய்ந்த கட்டைகளை நானே தட்டிப் பார்த்து எடுத்தேன். கோலின் தண்டைப் பாய் லேத்தில் கடைவார். கைப்பிடி என் வேலை.

கைப்பிடிக்கு எனக்கென்று ஒரு வழி உண்டு. பிசைந்த மைதா மாவை உருண்டையாக்கி, வந்தவர் கையில் கொடுத்து, விழாமல் பிடித்துக்கொள்வதுபோல் பிடிக்கச் சொல்வேன். விரல் பதிந்த அந்த மாவைக் காயவைத்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பள்ளம் மேடெல்லாம் மரத்தில் வரும்படி செதுக்குவேன். பிறகு கட்டைவிரல் படுகிற இடத்தில் அவர்களுக்குப் பிடித்ததாக ஏதாவது ஒன்று. ஒருவருக்கு மீன், ஒருவருக்கு முருங்கை இலை. சிங்கம் மட்டும் கிடையாது.

சுவரில் பெரிய எழுத்தில் தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தேன்: செருப்புப் போட்டுக்கொண்டு நேராக நிற்கவும். கையைத் தொங்க விடவும். மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுவே கோலின் உயரம். சின்ன வயதில் ஆஸ்பத்திரியில் கொடுத்த கையேட்டில் இருந்ததை அப்படியே எழுதினேன். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கு அவ்வளவு பெருமை.

பாய் அதைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "ஸ்டெல்லாம்மா, வீட்டுக்குள்ள யாரு செருப்பு போடுறாங்க?"

"கோல் எதுக்கு பாய்? நடக்கறதுக்கு. மனுஷன் எங்க நடக்கறான்? வெளிய. புக்ல போட்டிருக்கு. டாக்டருங்களை விட உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சா? எதுக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி?"

சந்து முனை வரை கேட்டிருக்கும். பாய், "நக்கோம்மா, வேணாம், நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு லேத்தைப் போட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மூன்று மாதத்தில் ஒன்பது கோல்கள் போயின. ஒன்பதாவது கோல் விஸ்வநாத் சாருக்கு. திருச்சியில் பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்று, இங்கே ஐடியில் வேலை பார்க்கிற மகளோடு உப்பலில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறார். சர்க்கரை உடம்பு. பக்கவாதம் லேசாக வந்து போனதில் நடை தள்ளாடியது. கட்டைவிரலுக்கு அணில் வேண்டும் என்று கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார். மகள் வர்ஷினி அந்த அணிலைத் தடவித் தடவிப் பார்த்தாள். தார்னாகாவில் ஒரு முதியோர் இல்லத்துக்கு அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருகிறவள். அங்கே பேசி, நாற்பது பேருக்கும் கோல் செய்ய ஏற்பாடு பண்ணினாள். நாற்பது! அந்த வேலை நடந்தால் பட்டறை நிலைக்கும். இல்லாவிட்டால் மறுபடி உப்புத்தாள்தான். யாரோ என்னை மறுபடி உட்காரச் சொல்வார்.

பத்து நாள் கழித்து வர்ஷினி தனியாக வந்தாள். வந்த வேகத்தில் அணில் கோலை மேசைமேல் போட்டாள்.

"உங்க ஸ்டிக்கால எங்கப்பா விழுந்துட்டார். லெஃப்ட் ரிஸ்ட் ஃபிராக்சர்."

நான் முதலில் கோலைத்தான் எடுத்துப் பார்த்தேன். அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. விழுந்தவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. தண்டில் விரிசல் இருக்கிறதா, அடியில் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது.

"என் கோல்ல ஒரு குறையும் இல்லை. உங்க வீட்டுத் தரையைப் பாருங்க. டைல்ஸ் போட்டு வழவழன்னு வெச்சிருப்பீங்க."

"மேடம், வயசானவர் கை உடைஞ்சு உக்காந்திருக்கார். நீங்க என் வீட்டுத் தரையைப் பத்திப் பேசறீங்க!"

"பின்ன? கண்டபடி குத்தம் சொன்னா கேட்டுட்டு இருப்பேனா? முப்பது வருஷத்துக்கு மேல என் கோல்லதான் நானே நடக்கறேன்."

"நீங்க நடப்பீங்க. எங்கப்பாவால முடியலை. ஹோமுக்கு ஃபோன் பண்ணி ஆர்டரை நிறுத்தச் சொல்லிட்டேன். அங்க இருக்கற நாப்பது பேரும் விழணுமா?"

நாற்பது கோலுக்குமான கட்டைகளை அறுத்து அடுக்கி வைத்திருந்தேன். "வாங்க போலாம்" என்றேன். "உங்கப்பா என் முன்னாடி நடந்து காட்டட்டும். கோல் மேல தப்பு இருந்தா நானே உடைச்சுப் போடறேன். இல்லைன்னா நீங்க அந்த ஹோமுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லணும்." பையில் டேப்பும் புது ரப்பர் புஷ்ஷும் சின்ன ரம்பமும் போட்டுக்கொண்டு அவள் காரில் ஏறினேன்.

ஃபிளாட் வாசலில் செருப்பு அலமாரி இருந்தது. வர்ஷினி செருப்பைக் கழற்றி வைத்தாள். பிறகு என் ஷூவைப் பார்த்தாள். "பரவாயில்லை மேடம், நீங்க அப்படியே வாங்க."

அந்த வாக்கியத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். சர்ச்சில், சொந்தக்காரர் வீட்டில், பக்கத்து வீட்டுப் பூஜையில், எல்லா இடத்திலும் மற்றவர்கள் கழற்றுவார்கள். நான் மட்டும் பையிலிருந்து துணியை எடுத்து ஷூவின் அடியைத் துடைத்துக்கொண்டு அப்படியே போவேன். அன்றும் துடைத்துக்கொண்டு போனேன். நான் ஷூவைக் கழற்றுவது படுக்கும்போது மட்டும்தான். அதற்குப் பிறகு பாத்ரூம் போக வேண்டியிருந்தால் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போவேன். அதை யாரும் பார்த்ததில்லை.

விஸ்வநாத் சார் கையில் மாவுக்கட்டோடு சோபாவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்கம்மா, வாங்க. வேலைக்காரம்மா அப்பதான் தரை துடைச்சிருந்தாங்க. நான்தான் கவனிக்காம காலை வச்சுட்டேன். சாரிம்மா. உங்களுக்கு வேற வீண் அலைச்சல்."

"அப்பா! நேத்து இதைச் சொல்லவே இல்லையே நீங்க?" என்றாள் வர்ஷினி. அவள் முகத்தில் இருந்த சூடு இறங்கியது. என் பக்கம் திரும்பினாள். "அப்போ ஸ்டிக் மேல தப்பில்லைபோல. நான்தான் அவசரப்பட்டுட்டேன் மேடம். ஹோமுக்கு இப்பவே சொல்லிடறேன்." ஃபோனைக் கையில் எடுத்தாள்.

நான் ஜெயித்துவிட்டேன். அந்த நிமிஷத்தில் உள்ளுக்குள் எனக்கு அப்படி ஒரு குஷி. குஷியில்தான், "சார், எனக்காக நாலு அடி நடந்து காட்டுங்க, பாத்துட்டுப் போயிடறேன்" என்று கோலை நீட்டினேன்.

அவர் எழுந்து நின்றார். கோலை ஊன்றினார். வலது தோள் காதை நோக்கி ஏறியது. முழங்கை வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. கைப்பிடி மணிக்கட்டுக்கு நேராக இல்லை, அதற்கு ஒரு அங்குலத்துக்கும் மேலே இருந்தது. நேராக ஊன்ற முடியாமல் அவர் கோலைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார். அப்படிச் சாய்த்தால் உலர்ந்த தரையில்கூட அது வழுக்கும்.

கோல் எப்படி வளர்ந்தது? குனிந்து பார்த்தேன். வெறுங்கால். செருப்பு வார் படிந்த தடம் மட்டும் பாதத்தில் வெள்ளையாக இருந்தது. திரும்பி வாசலைப் பார்த்தேன். அலமாரியின் கீழ்த்தட்டில் அவருடைய செருப்பு இருந்தது. சர்க்கரைக்காரர்கள் போடுகிற தடித்த அடி வைத்த செருப்பு. அதைப் போட்டுக்கொண்டுதான் அன்று என் சுவரெழுத்தின் கீழ் அவர் நேராக நின்றார்.

பாய் சொன்னாரே. சொன்ன மனிதரைக் கத்தி அடக்கினேனே. எவனோ ஒருவன் எல்லாரையும் முப்பத்தாறு அங்குலம் என்று நினைத்தான் என்று ஊரெல்லாம் திட்டிக்கொண்டு திரிந்தேன். நான் எல்லாரையும் ஸ்டெல்லா என்று நினைத்துவிட்டேன். வாசலில் கழற்றாத ஒரே ஆள் நான்தான். அது என் புத்தியில் உறைக்கவே இல்லை.

வர்ஷினி ஃபோனில் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். நாற்பது கோலையும் சரியான அளவில் செய்து கொடுத்து, இந்த ஒன்பதையும் ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கி அறுத்துக் கொடுத்திருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், அந்தக் கணக்கு என் தலைக்குள் ஓடியது. அப்போது விஸ்வநாத் சார் மறுபடியும், "என் தப்புதாம்மா, சாரி" என்றார்.

ஒன்பது வயதில் பள்ளிக்கூடப் பிரேயரில் நான் விழுந்தேன். முழங்கால் கிழிந்து ரத்தம் வந்தது. முன்னால் நின்ற பெண்ணிடம் சாரி சொன்னேன், டீச்சரிடம் சொன்னேன், பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்த எல்லாரிடமும் சொன்னேன். விழுந்தவள் நான், சாரி சொன்னவளும் நான். தரையைக் கழுவி அப்படியே விட்ட ஆயாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சாரி சொல்லாதீங்க சார்!" என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டு சோபாவில் உட்கார்ந்துவிட்டார். "தயவுசெஞ்சு சொல்லாதீங்க. விழுந்தது நீங்க, கை உடைஞ்சது உங்களுக்கு. தப்பு என்னோடது. உங்களைச் செருப்போட நிக்க வெச்சு அளவெடுத்தேன். வீட்டுக்குள்ள நீங்க வெறுங்கால்ல நடப்பீங்கன்னு யோசிக்கவே இல்லை. இந்தக் கோல் ஒண்ணேகால் அங்குலம் உயரம். தரை காஞ்சிருந்தாலும் நீங்க விழுந்திருப்பீங்க."

வர்ஷினி ஃபோனைக் கீழே இறக்கினாள். "அப்போ மத்தவங்க?"

"எட்டுப் பேர். எல்லாருக்கும் இதே மாதிரிதான்."

"மத்தவங்க செஞ்சா ஏதோ தெரியாம பண்ணிட்டாங்கன்னு சொல்லலாம். நீங்களே இப்படிப் பண்ணலாமா மேடம்?"

அவள் ஃபோனைப் பைக்குள் வைத்தாள். நாற்பதும் அதோடு போனது என்று எனக்குத் தெரிந்தது. அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன், கூடவே நாலு வார்த்தை திட்டியும் இருப்பேன்.

வெறுங்காலோடு அவரை நிற்க வைத்து மறுபடி அளவெடுத்தேன். பால்கனியில் உட்கார்ந்து கோலின் அடியை அறுத்து, புது புஷ் மாட்டிக் கொடுத்தேன். அவர் ஊன்றியபோது தோள் தானாக இறங்கியது. ஹாலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போய்த் திரும்பினார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா செருப்பு போட்டா இப்போ குட்டையாயிடுமே?"

"தெருவுக்கு வேற ஒண்ணு செஞ்சு தரேன் சார். இது வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். அது வெளிய, செருப்புப் பக்கத்துல."

ஆட்டோ பிடித்துப் பட்டறைக்கு வந்தேன். பாய் லேத்தை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். 'அன்னைக்கே சொன்னேன்ல' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவர் கேட்கவில்லை.

"நீங்க கத்துனீங்க, நான் விட்டுட்டேன். தெரிஞ்சும் விட்டது என் தப்பு" என்றார்.

"இனிமே விடாதீங்க பாய். நான் கத்துனா நீங்களும் கத்துங்க."

"ஹவ், சரி. கத்துறேன்" என்றார், மிக மெதுவாக.

எட்டுப் பேருக்கும் ஃபோன் போட்டேன். யாரும் விழவில்லை என்று கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. ஆனால் அதில் மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னார்கள்: வீட்டுக்குள் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கிறது, உங்களிடம் சொல்லப் பயமாக இருந்தது. ரயில்வேயில் முப்பது வருஷம் இன்ஜின் ஓட்டிய நடேசன் சார் சொன்னார், "நீ சத்தம் போடுவேன்னு விட்டுட்டேன்மா."

ஃபோனை வைத்துவிட்டு உப்புத்தாளை எடுத்துச் சுவரில் 'செருப்புப் போட்டுக்கொண்டு' என்ற வார்த்தைகளை மூன்று மொழியிலும் தேய்த்து அழித்தேன். பத்தொன்பது வருஷம் தேய்த்த கையாயிற்றே, சீக்கிரம் அழிந்தது. தரையைச் சிராய் இல்லாமல் கூட்டி, லேத்துக்கு எதிரே ஒரு கோரைப்பாய் விரித்தேன். வருகிறவர்கள் செருப்போடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை, ஆக இரண்டு அளவு. இரண்டு கோல்.

"முதல்ல யாருக்கு எடுக்கறது?" என்றார் காதர் பாய், டேப்பை எடுத்துக்கொண்டே.

"எனக்கு."

ஷட்டர் முழுக்கத் திறந்திருந்தது. சந்தில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்த்தேன். முதலில் வலது, பிறகு இடது. சாக்ஸையும் கழற்றினேன். நாற்பத்தாறு வருஷத்தில் அம்மாவையும் டாக்டர்களையும் தவிர யாருக்கும் காட்டாத கால். மேசையைப் பிடித்துக்கொண்டு கோரைப்பாயின்மேல் ஏறி நின்றேன். இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்தது.

"எங்க பாக்குறீங்க? அளவெடுங்க" என்று சீறினேன்.

"மணிக்கட்டைத்தான் பாக்குறேன்" என்றார். அளந்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒரு தேக்குக் கட்டையில் அளவைக் குறித்து, பக்கத்தில் 'ஸ்டெல்லா, வீடு' என்று எழுதினார். பிறகு, "இதுக்குக் கைப்பிடி என் வேலை" என்று மாவு உருண்டை ஒன்றை என் கையில் வைத்தார்.

பிடித்தேன். அன்றைக்கு உள்ளே இருந்த ஆத்திரமெல்லாம் அந்தப் பிடியில் வந்தது. விரல்கள் மாவுக்குள் புகுந்து மறுபக்கம் வந்துவிட்டன. பாய் அதைப் பிடுங்கி உருட்டி மறுபடி கொடுத்தார். மறுபடியும் அதேதான்.

"மெதுவா பிடிங்கம்மா!" என்று கத்தினார் காதர் பாய். சந்தில் போன ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். "மாவு என்ன பாவம் பண்ணுச்சு? இப்படிப் பிடிச்சா நான் இதை வெச்சி என்னத்தைக் கைப்பிடி செய்யறது?"

மூன்றாவது உருண்டையை வாங்கி மெதுவாகப் பிடித்தேன்.